விக்டரின் முகத்தைப் பாருங்கள்

‘சாக் ஸ்னைடர்ஸ் ஜஸ்டிஸ் லீக்’ படத்தை பேட்மேனுக்காகவும் சூப்பர்மேனுக்காகவும் பார்த்தவர்கள்தான் அதிகம். சைபோர்க்குக்காக இன்னொரு முறை பாருங்கள். 4 மணி 2 நிமிடம் ஓடும் படம். ஒரே மூச்சில் பார்த்தாக வேண்டும் என்பதில்லை. பகுதி பகுதியாகத்தான் பிரித்திருக்கிறார்கள், இரண்டு இரவுகளாக வைத்துக்கொள்ளலாம்.

சைபோர்க் ஆவதற்கு முன் அவன் விக்டர் ஸ்டோன், கோத்தம் சிட்டி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம். பனி கொட்டும் மைதானத்தில் பந்தோடு பாய்ந்து அணியை ஜெயிக்கவைக்கிறான். அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. அவன் கண் போவது பார்வையாளர் வரிசைக்கு. அம்மா இருக்கிறாள், அவள் பக்கத்து இருக்கை காலி. விஞ்ஞானியான அப்பா சைலஸ் அன்றும் வரவில்லை. இந்த இடத்தில் கைபேசியை எடுத்துவிடாதீர்கள். மகனுக்கும் அப்பாவுக்கும் இடையே பின்னால் வரும் அத்தனை வசனங்களுக்கும் அந்தக் காலி இருக்கைதான் ஆதாரம்.

வீடு திரும்பும் வழியில் கார் விபத்து. அம்மா போய்விடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைச் சாகவிட அப்பாவுக்கு மனமில்லை. ஆய்வுக்கூடத்தில் இருந்த வேற்றுலகப் பெட்டியின் சக்தியால் அவனை முக்கால்வாசி எந்திரமாக எழுப்பிவிடுகிறார். காயம் மகனுக்கு, குற்ற உணர்வு அப்பாவுக்கு என்று முதலில் தோன்றும். அவ்வளவு சுலபமான கணக்கில்லை அது. தன்னைப் பார்க்க வந்த அம்மா திரும்பும்போது செத்தாள், தான் மட்டும் பிழைத்தோம் என்பதை விக்டர் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டை விட்டு வெளியே வராமல், தலையை மூடும் சட்டைக்குள் ஒளிந்து கிடக்கிறான். அப்பா மீதான கோபத்துக்குள் வேறொன்றும் இருக்கிறது என்று எனக்குப் படுவது அதனால்தான்.

ரே ஃபிஷரின் நடிப்பை ரசிக்க ஒரு வழி உண்டு. உடம்பு கணினி வரைகலை, முகத்திலும் ஒரு பங்குதான் அவருடையது. மேடை நாடகத்திலிருந்து வந்தவர். மிச்சமிருக்கும் கண்ணையும் தாடையையும் வைத்தே அத்தனையும் செய்கிறார். குரலைக் கவனியுங்கள், கோபம் ஏறும்போது சத்தம் குறைகிறது.

அப்பா ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் பேசி வைத்துவிட்டுப் போவார். உலகின் வங்கிகளும் அணு ஆயுதங்களும் இனி உன் விரல்நுனியில் என்று அந்தக் குரல் விளக்க விளக்க, விக்டர் முதலில் செய்வது என்ன தெரியுமா? கையில் காசில்லாமல் பிள்ளைகளோடு தவிக்கும் ஓர் உணவகப் பணிப்பெண்ணின் வங்கிக் கணக்கில் பெருந்தொகையை ஏற்றிவிடுகிறான். சண்டைக் காட்சிகள் எல்லாவற்றையும்விட இந்த ஏடிஎம் காட்சியே எனக்குப் பெரிது. ஆனால் அந்தப் பதிவை அவன் முழுதாகக் கேட்பதில்லை, கருவியை நொறுக்கிவிடுகிறான். அது மறுபடி எப்போது வருகிறது என்று காத்திருங்கள்.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

உச்சக்கட்டத்தில் அந்த வேற்றுலகப் பெட்டிகள் அவனுக்கு ஆசை காட்டுகின்றன: பழைய உடம்பு, உயிரோடு அம்மா, பக்கத்தில் அப்பா. குறையுள்ளவனைச் சரிசெய்கிறோம் என்பது பேரம். அவன் மறுக்கிறான். காயம்பட்ட வீரன் மீண்டும் மைதானத்தில் இறங்கிக் கோப்பை வாங்குவதே நாம் பார்த்துப் பழகிய விளையாட்டுக் கதை. இங்கே மைதானம் திரும்பக் கிடைப்பதே இல்லை.

மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் 1980-ல் காமிக்ஸில் உருவாக்கிய பாத்திரம் இது. மகளைப் பறிகொடுத்த இயக்குநர் ஸ்னைடர் 2017-ல் பாதியில் விலக, வேறொருவர் முடித்த 2 மணி நேரப் பதிப்பில் விக்டரின் முன்கதை பெரும்பாலும் வெட்டுப்பட்டது. ஆகவே ஸ்னைடரின் 2021 பதிப்பைத் தேடிப் பாருங்கள். வன்முறையும் வசைச்சொற்களும் உண்டு, சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம்.