டிகாஷனுக்கு மார்க் போடும் குழாய்

பெட்டியின் மேல் பீர் கோப்பையும் திராட்சைக் கொத்தும் அச்சடித்திருக்கிறார்கள். காபிக்கு இடமில்லை. உள்ளே ஒரு சாண் நீள உலோகக் குழாய். ஒரு முனையில் கண் வைக்க ரப்பர் வளையம், மறுமுனையில் சாய்வாக வெட்டிய கண்ணாடிப் பட்டகம், அதை மூட ஒரு பிளாஸ்டிக் தகடு. கூடவே ஒரு சொட்டுக் குழல், துடைக்கத் துணி, திருகு முடுக்க ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். பேட்டரி இல்லை, ப்ளூடூத் இல்லை, ஆப் இல்லை. இணையத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த ரிஃப்ராக்டோமீட்டர், பீர் காய்ச்சுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. சென்னை கோட்டூர்புரத்தில், என் வீட்டில், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு அளவுகோல்கள் அருகருகே தெரியும். ஒன்று பிரிக்ஸ், 0 முதல் 32 வரை. நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதுதான் அது. இன்னொன்று பீர்க்காரர்களின் அடர்த்தி எண், 1.000இல் தொடங்கி 1.120 வரை. இந்த இரண்டாவது கோட்டை என் சமையலறையில் நான் பயன்படுத்தினால் குற்றவாளி ஆகிவிடுவேன். 1937இல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கும் மாநிலத்தில், உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்ச முடியாது. ஆக, பாதிக் கருவிக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை செய்யும் விதம் எளிது. பட்டகத்தின் மேல் இரண்டு சொட்டு விட்டுத் தகட்டை மூட வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்துக் குழாயைப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. தண்ணீரில் எது கரைந்தாலும் ஒளி கூடுதலாக வளையும், கோடு மேலே ஏறும். கரைந்திருப்பது இன்னதுதான் என்று கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சர்க்கரை, பார்ப்பதையெல்லாம் சர்க்கரையாகவே எண்ணும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பூஜ்யம் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். மெட்ரோ வாட்டரில் அதிக வித்தியாசம் வராது. போர் தண்ணீர் என்றால், உப்பு மிகுந்த இடங்களில், அளவுகோலின் மிகச் சிறிய கோடான 0.2 வரைகூட அதுவே ஏற்றிவிடும். பெட்ரோல் பங்கிலும் மெக்கானிக் கடையிலும் பேட்டரிக்கு ஊற்ற விற்கிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

அடுத்தது வெயில். கருவியின் மேல் ஏ.டி.சி. என்று பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள்: வெப்பநிலைக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளுமாம். எந்த எல்லைக்குள் என்பது கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கிறது, 10 முதல் 30 டிகிரி வரை. சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறையில் 30 டிகிரி என்பது விடியற்காலையில்கூடக் கிடைக்காத அதிர்ஷ்டம். ஏ.சி. ஓடும் அறையில் வைத்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. கொதிக்கக் கொதிக்க டிகாஷனை விடவும் கூடாது. சொட்டு ஆவியாகித் தானே கெட்டியாகும். ஆறவைத்து, பட்டகத்தின் மேல் விட்டபின் அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கோடு நிலைக்கும். டிகாஷனில் மிதக்கும் நுண்தூள் கோட்டை மங்கலாக்குவதால், மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

இனி காபி. கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி, அடுத்தது திருமயிலை. அங்கே கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளில் சிக்கரி கலக்காத பீபெரி தூள் கேட்டால், கடைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். “பியூரா சார்? திக்கா வராது, அப்புறம் எங்கிட்ட சொல்லக் கூடாது.” அதையும் வாங்கினேன், அதே கொட்டையில் எண்பதுக்கு இருபது சிக்கரி போட்டதையும் வாங்கினேன். அரவை ஒன்றே, பில்டர் ஒன்றே, தண்ணீரும் ஒன்றே.

காபியைக் கருவியால் அளக்கும் பழக்கம் புதிதல்ல. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லாக்ஹார்ட் என்ற வேதியியலாளர், தூளில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்து இறங்கினால் காபி நன்றாக இருக்கும் என்று ஒரு வரைபடமே போட்டார். அதற்குக் கீழே புளிப்பு தூக்கும், மேலே கசப்பு. உலகின் காபிக் கடைகள் இன்றும் அந்தப் படத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிக்ஸ் எண்ணை ஏறக்குறைய 0.85ஆல் பெருக்கினால் காபியில் கரைந்தது எவ்வளவு என்று கிடைக்கும். 30 கிராம் தூள், இறங்கிய டிகாஷன் 90 கிராம், கோடு 8இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரைந்தது 6.8 விழுக்காடு, அதாவது சுமார் 6 கிராம். தூளில் ஐந்தில் ஒரு பங்கு. லாக்ஹார்ட் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

சிக்கரி இல்லாத தூள் எனக்கு அந்த எட்டை ஒட்டியே நின்றது. அதைவிடப் பிடித்தது, கருவி என் கைப்பழக்கத்தைக் கண்டுபிடித்த விதம். கொதித்த தண்ணீரை உடனே ஊற்றாமல் ஃபோன் பேசிவிட்டு வந்து ஊற்றிய நாளில் கோடு கீழே இறங்கியது. தூளின் மேல் வைக்கும் தண்டுத் தட்டை லேசாக அழுத்தி வைத்த நாளுக்கும் சும்மா போட்டுவைத்த நாளுக்கும் வேறுபாடு தெரிந்தது. கடையில் அரவை கொஞ்சம் கொரகொரப்பாக வந்தபோது, குடிப்பதற்கு முன்பே கருவி சொல்லிவிட்டது. “இன்னிக்கு என்னமோ காபி சரியில்லை” என்று வீட்டில் குறை எழும் காலையில், குறை தூளிலா தண்ணீரிலா என்று பிரித்துக் காட்ட இதைவிட மலிவான நீதிபதி கிடைக்காது.

அடுத்து எண்பது–இருபது. கோடு பதினொன்றை ஒட்டி நின்றது. லாக்ஹார்ட் கணக்குப்படி போட்டால் 28 விழுக்காட்டுக்குப் பக்கம் வருகிறது; வாயில் வைக்க முடியாத கசப்பாக இருக்க வேண்டும். இருந்ததோ உருண்டையான, கொஞ்சம் இனிப்பு தொட்ட, நாக்கில் ஒட்டும் டிகாஷன். காரணம் சிக்கரி. அது கொட்டையல்ல, கிழங்கு. வறுத்த காபியில் மிஞ்சிப் போனால் முப்பது விழுக்காடு வெந்நீரில் கரையும். வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். ஆகவே சிக்கரியை ஏற்ற ஏற்ற எண்ணும் ஏறும், நிறமும் ஏறும், திக்காகவும் தெரியும், காபியோ உள்ளே குறைந்துகொண்டே போகும். எண்ணை மட்டும் நம்பினால் சிக்கரிப் பொட்டலத்துக்குத்தான் முதல் பரிசு. கலவைத் தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருப்பதன் அருமை அப்போது புரிகிறது. இந்தக் குழாய் அந்த வேலையைச் செய்யாது.

இதே ஏமாற்றத்தை இந்தக் கருவி பிறந்த வீட்டிலும், அதாவது பீரிலும், செய்கிறது. பெங்களூருவில் இடத்திலேயே காய்ச்சித் தரும் பப் ஒன்றில், ஆங்கிலேயப் பாணி பிரவுன் ஏல் ஒரு கோப்பை வாங்கி, குழாயைப் பையிலிருந்து எடுத்தேன். பிரவுன் ஏல் என்பது வறுத்த மால்ட் போட்ட செம்பழுப்பு பீர். பிஸ்கட், கேரமல், வறுத்த கொட்டைப் பருப்பு, அடியில் மெல்லிய சாக்லெட் வாசனை. கசப்பு அடக்கமாக இருக்கும். காய்ச்சும்போது அதன் அடர்த்தி 1.040க்கும் 1.052க்கும் இடையில், அதாவது பிரிக்ஸில் பத்து முதல் பதின்மூன்று. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்தபின் 1.010 பக்கம் வந்துவிட வேண்டும், பிரிக்ஸில் இரண்டரை. குழாய் காட்டியதோ ஆறு! பாதிச் சர்க்கரை மிச்சம் என்று அர்த்தமா? இல்லை. ஆல்கஹாலும் தண்ணீரைவிட அதிகமாக ஒளியை வளைக்கிறது. கருவி அதையும் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிட்டது. நொதிக்கும் முன் இந்தக் குழாய், நொதித்தபின் மிதக்கும் ஹைட்ரோமீட்டர் என்று காய்ச்சுகிறவர்கள் வைத்துக்கொள்வது இதனால்தான். பதநீரிலும் இப்படித்தான். இறக்கியவுடன் அளந்தால் தண்ணீர் ஊற்றியதா இல்லையா என்று ஓரளவு சொல்லலாம். புளிக்கத் தொடங்கிவிட்டால் எண் பொய்.

பீர் நடுவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 50. மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் நிற்கும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3. நிறம், தெளிவு, நுரை மூன்றும் அதற்குள்ளேயே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கருவி காட்டும் எண்ணுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. எனக்கு இது மிகவும் பிடித்தது. டிகாஷனைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றித் தூக்கிப் பார்த்து, “ஆகா, என்ன கலர்!” என்று தீர்ப்பு எழுதிவிடும் நம் ஊர் வழக்கத்துக்கு ஐம்பதில் மூன்றுதான் பெறுமானம்.

அந்தத் தாளை அப்படியே டிகாஷனுக்குப் போட்டுப் பார்த்தேன். பால் சேர்க்காமல், வெதுவெதுப்பில், கரண்டியால் உறிஞ்சி. மணத்தில் பீபெரி அடித்துக்கொண்டு போய்விட்டது; சிக்கரித் தூளில் கருகின வெல்ல வாசனைதான் முன்னால் நின்றது. கனத்தில் சிக்கரிக்கு முழு மதிப்பெண். பீபெரிக்கு ஐம்பதில் 38 போட்டேன், கலவைக்கு 31. பால் ஊற்றியதும் இடைவெளி சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிக்கரி நம் வீடுகளில் இத்தனை காலம் தங்கியதில் சிக்கனம் மட்டும் காரணமில்லை, பாலுக்கு எதிரே நிற்கத் தெம்புள்ள டிகாஷனும் வேண்டியிருந்தது.

பாலை இந்தக் கருவியில் விடாதீர்கள், வெள்ளை மூட்டம்தான் தெரியும், கோடு தெளிவாக வராது. அதற்கு லாக்டோமீட்டர் இருக்கிறது. பாலில் மிதக்கவிடும் அந்தக் கண்ணாடிக் குழலை ஏய்ப்பதும் பழைய வித்தைதான். தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி குறையும், குழல் அமிழும். ஆனால் ஆடையை முதலில் எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் பழைய இடத்துக்கே வந்து அப்பாவியாக மிதக்கும். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3, கொழுப்பில்லாத திடப்பொருள் 8.5 என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பச்சையில் 4.5, 8.5. பாலை வாங்கி விற்கிறவர்கள் ஒற்றை எண்ணை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

வாங்கலாமா? ஒரே தூளை, ஒரே பில்டரில், தினமும் போடுகிறவர் என்றால் தாராளமாக. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே நடந்ததை இது நேர்மையாகச் சொல்லும். இரண்டு கடைத் தூளில் எது உசத்தி என்று தீர்க்க நினைப்பவருக்கு இதனால் உபயோகமில்லை, கெடுதல்தான். டிஜிட்டல் மாதிரிகள் வெப்பநிலையை நன்றாகச் சமாளிக்கின்றன, கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. ஆனால் காபிக்கென்றே வருபவை பல பத்தாயிரங்கள் கேட்கும், சிக்கரி விஷயத்தில் அவையும் இதே தவற்றைத்தான் செய்யும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூடுதல் லாபம் உண்டு. இளநீர், கரும்புச்சாறு, பாட்டில் ஜூஸ் என்று கிடைத்ததையெல்லாம் சொட்டுவிட்டு அளப்பார்கள். இளநீர் ஐந்தை ஒட்டியும், கரும்புச்சாறு அதைப் போல மூன்று மடங்குக்கு மேலும் காட்டும், கடைக்காரர் ஐஸ் போடுவதற்கு முன் வாங்கியிருந்தால்.

துடைக்கும்போது சமையலறைத் துணியைத் தொடாதீர்கள், பட்டகம் மென்மையான கண்ணாடி, கீறல் விழுந்தால் கோடு போய்விடும். ஆர்டர் போடும் முன் அளவுகோலையும் ஒருமுறை சரிபாருங்கள். தேனுக்கென்று 58இல் தொடங்கி 90 வரை போகிற மாதிரியும் அதே நிறப் பெட்டியில், அதே விலையில் வருகிறது. அதில் டிகாஷனை விட்டால் எண்ணே தெரியாது.