வேடம் அகன்ற பின்னும் கூத்து

மலைநாட்டில் மாசி மாதம் காமன் கூத்து நிகழ்கையில் ரதியாக வேடம் கட்டுபவர் மாறலாம், கூத்து நின்றுவிடுவதில்லை. ஹாலிஎலத் தோட்டங்களை அறிந்தோருக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கூத்து தோட்டத்துக்குச் சொந்தம். தொலைக்காட்சித் தொடரோ நிறுவனத்துக்குச் சொந்தம். நட்சத்திரத்தின் பெயரே அதன் விற்பனைச் சின்னம். அச்சின்னம் அகன்ற பின்னரும் ஒரு நகைச்சுவைத் தொடர் ஏழு பருவங்கள் நடைபெற்றதெனின் அது ஆராயத்தக்கதே.

அமெரிக்கத் தொடரான 'ரோசான்' (1988–1997), லான்ஃபோர்ட் என்னும் கற்பனையூரின் தொழிலாளர் குடும்பமொன்றைச் சித்திரித்தது. கட்ட முடியாத பில்களிலிருந்தே அதன் சிரிப்புப் பிறந்தது. 2018 மார்ச்சில் அது மீண்டும் வந்தது. தலைமை நடிகை ரோசான் பார், ஒபாமாவின் ஆலோசகராயிருந்த கறுப்பினப் பெண்மணி வலரி ஜரட்டை இனவெறியுடன் இழித்தெழுதியதால், மே 29இல் ஏ.பி.சி. நிறுவனம் தொடரை நிறுத்தியது. பின்னர், பார் எவ்விதப் பங்கும் வருவாயும் பெறாதிருக்க இசைந்ததும், எஞ்சிய நடிகருடன் 'த கானர்ஸ்' ஒக்டோபர் 16இல் தொடங்கிற்று. (1987இல் 'வலரி' தொடரின் நாயகி வலரி ஹார்ப்பர் சம்பளத் தகராறில் நீக்கப்பட்டபோதும் கதையில் அவரைக் கொன்றே தீர்த்தனர். கூலி கேட்டாலும் சாவு, இனவெறி பேசினாலும் சாவு! நிறுவனத்தின் கணக்கில் இரண்டும் ஒன்றே.)

ஆயினும், தாயின் சாவை எழுதிய விதத்தில் எழுத்தாளர் தம் வர்க்க உணர்வை இழக்கவில்லை. அவள் மாரடைப்பால் சாகவில்லை. முழங்கால் நோவுக்கென உட்கொண்ட அபின்வகை மாத்திரைகள் மிகுந்து மாண்டாள். கணவன் டான், மாத்திரை கொடுத்த அயலவளைச் சபிக்கின்றான். பின்னரே விளங்குகிறது, அவளும் அதே படுகுழியில் வீழ்ந்தவள் என்பது. மருந்து வாங்க வழியற்றோர் ஒருவருக்கொருவர் மாத்திரை இரவல் கொடுத்து வாழும் தெரு அது. 2018இன் முதற் காட்சிகளிலேயே கணவனும் மனைவியும் மாத்திரைகளைப் பங்கிட்டுச் சிரித்தனர். அந்தச் சிரிப்பே இங்கே பிணமாகத் திரும்பி வருகின்றது. ஜோன் குட்மன் இக்காட்சிகளில் குரலை உயர்த்தாமல் நடிக்கிறார். நமது மேடை நடிகர் பலர் கற்கவேண்டிய அடக்கம் அது.

குறை வேறிடத்தில் உள்ளது. புதிதாய்க் குடிவந்த முஸ்லிம் அயலாரை ரோசான் ஐயுறும் கதையொன்று அந்த 2018ஆம் ஆண்டிலேயே வந்திருந்தது. உழைக்கும் பெண்ணொருத்தியின் மனத்தில், தன்னைப்போல் உழைக்கும் பிறர்மீது பகை எவ்வாறு ஊறுகின்றது என்ற வினா அங்கே எழுந்தது. நடிகையை வெளியேற்றியதற்குக் காரணமும் அப்பகையே. ஆனால் கதையில் அவள் மருந்தின் பலியாக மட்டுமே மாண்டாள். வினாவும் அவளோடு புதைக்கப்பட்டது. 1983 ஜூலையில் பதுளை எரிந்ததை மறவாத நமக்கு இது சிறு குறையன்று. அயலவர் அயலவர்மீது கை ஓங்கியது ஏனென்பதைச் சொல்லாத கலை, துயரத்தை எத்துணை நேர்மையாகக் காட்டினும் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

2025 ஏப்ரல் 23இல் தொடர் முடிந்தது. மருந்துக் கம்பனிமீது டான் தொடுத்த வழக்கில் அவனுக்குக் கிடைத்தவை சில நூறு டொலர்கள்.