கணினி விளம்பரமும் அடிக்குறிப்பும்

மூலத்தின் பொருளை விரித்துணர்த்துவது உரையின் தொழில். கணினி விளம்பரங்களின் அடியிற் காணப்படும் சிற்றெழுத்துக் குறிப்போ, மூலம் கூறியதைச் சுருக்குதற்கென்றே எழுந்த உரையாகும்.

80 கிகாபைற்று வன்தட்டு எனப் பேரெழுத்து முழங்கும். அதனை வாங்கிப் பொருத்தியவர் திரையிற் காண்பது ஏறத்தாழ 74.5. ஒரு கிகாபைற்று நூறு கோடி பைற்று என்கின்றது அடிக்குறிப்பு. விண்டோஸ் முறைமையோ 1024 ஐ மும்முறை பெருக்கி, 1,073,741,824 பைற்றையே ஒரு கிகாபைற்றாகக் கொள்ளும். கிகா என்னும் முன்னொட்டுக்கு அனைத்துலக அளவைமுறை தந்த பொருள் நூறு கோடியே ஆதலின், குறிப்புப் பொய்யன்று. மெய்யைச் சிற்றெழுத்திற் புதைத்தமையே குற்றம். இவ்வேறுபாடு பற்றி அமெரிக்காவில் எழுந்த வழக்கொன்றை வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனம் 2006 இல் இணக்கமாக முடித்துக்கொண்டது.

வியாபாரக் குறிபற்றிய வரி வேறு வகையினது. பிற பெயர்கள் அவ்வவற்றின் உரிமையாளர்க்கே உரியன என்பது வாங்குவோரை நோக்கியதன்று, வழக்கறிஞரை நோக்கியது. 386 என்னும் எண் வியாபாரக் குறியாகாது என 1991 இல் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்த்தது. பின்னர் வந்த ஐந்தாந் தலைமுறைச் செயலிக்கு இன்ரெல் நிறுவனம் 586 என எண்ணிடாது, ஐந்தெனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பென்ரியம் எனப் பெயரிட்டு 1993 இல் விற்பனைக்கு விட்டது. (நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்பவற்றுள் இஃது எதன்பாற் படுமென்பது மாணாக்கர் ஆராயத்தக்கது.) அத்தகைய பெயருக்குக் காவலாக நிற்கும் வரி அடியிலேயே கிடக்கலாம். தட்டின் அளவுரைக்கும் வரியையும் அதனோடு ஒரே நிரையில் அடுக்குதல் தகாது. அது 80 என்னும் எண்ணின் அருகே, அதற்கொத்த எழுத்தில் நிற்றல் வேண்டும்.