பாய்கிற சட்டம்

'பிரபல ரவுடி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது' என்று பேப்பரில் படித்தால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. 'இவனுங்களை இப்படித்தான் சார் உள்ளே தள்ளணும்' என்று அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறோம். மற்ற சட்டங்கள் நொண்டி நொண்டி நடக்க, இது மட்டும் எப்படிப் பாய்கிறது என்று கேட்பதில்லை.

காரணம் சுலபம். இதற்குக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. இனிமேல் செய்யக்கூடும் என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கருதினால் போதும். விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே. 1982-ல் சாராயம் காய்ச்சுபவர், குண்டர் என்று ஆரம்பித்த பட்டியலில் 2004-ல் திருட்டு வீடியோக்காரர்களும், 2014-ல் சைபர் குற்றவாளிகளும் சேர்ந்தார்கள். பட்டியல் நீளுமே தவிர, சுருங்காது. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டு வெளியே வருகிறவர்கள் உண்டு. அதற்குள் போன மாதங்களை யார் திருப்பித் தருவது?

'இது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லையா?' என்பீர்கள். இல்லை. அங்கேதான் சிக்கலே. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும், அவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது 22-வது பிரிவு. கையோடு, தடுப்புக் காவலுக்கு இதெல்லாம் கிடையாது என்றும் சொல்கிறது. அதுவும் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலேயே! 1950-ல் சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட் வரை போனார். தடுப்புக் காவல் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. மொரார்ஜி தேசாய் எமர்ஜென்சியில் விசாரணையில்லாமல் உள்ளே இருந்தவர். அவர் பிரதமராக இருந்த 1978-ல் பார்லிமெண்ட் 44-வது திருத்தத்தை நிறைவேற்றியது. அறிவுரைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டு மாதமாகக் குறைத்தது. அந்தக் குழுவுக்குப் பதவியிலிருக்கும் ஹைகோர்ட் நீதிபதிதான் தலைவர் என்றது. ஆனால், அது அமலுக்கு வரும் தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும்.

அறிவிக்கவில்லை. ஜனதாவும் சரி, அதற்குப் பிறகு டெல்லியில் மாறி மாறி வந்த எல்லா ஆட்சிகளும் சரி. இன்றுவரை. 'அறிவி என்று அரசுக்கு உத்தரவிட முடியாது' என்று 1981 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் பெரும்பான்மைத் தீர்ப்பில் கைவிரித்துவிட்டது.

கடிவாளம் தயார். ஆனால், அதை மாட்டும் நாளைக் குதிரையே முடிவு செய்யலாம் என்றால்?

ரவுடிகளுக்குப் பரிந்து பேசவில்லை. குற்றம் செய்தவரைக் கோர்ட்டில் நிறுத்தி, நிரூபித்து, ஆயுள் தண்டனையே வாங்கிக் கொடுங்கள். 'நிரூபிக்கத் தேவையில்லை' என்ற வசதி மட்டும் எந்த அரசின் கையிலும் வேண்டாம். அது இன்றைக்கு ரவுடி மேல் பாயும். நாளைக்கு யார் ரவுடி என்று எழுதப்போவதும் அதே கைதானே!