பெயர் ஒன்று, வட்டு இரண்டு

நல்ல கைகாரர் ஒருவர் இரட்டை அடையாளம் காட்டும் வட்டுகளைப் பிரித்தறியும் வேலையைச் செய்வதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் செய்த முதல் காரியம் கீபோர்டிலிருந்து கையை எடுத்ததுதான். நள்ளிரவு தாண்டிய மெயின்டெனன்ஸ் நேரம். டேட்டாபேஸ்காரர்கள் சோதனைக்காகக் கேட்ட ஸ்னாப்ஷாட் வட்டை, அசல் வட்டு இருக்கும் அதே சர்வருக்கே காட்டியிருந்தோம். லினக்ஸில் வட்டுகளை நிர்வகிக்கும் எல்விஎம் உடனே எச்சரிக்கத் தொடங்கியது: ஒரே யூயூஐடி, அதாவது ஒரே அடையாள எண், இரண்டு டிவைஸ்களில் தெரிகிறது, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன் என்று.

"ஒண்ணத் தூக்கிடலாமா சார்?" என்றேன்.

"எத?"

என்னிடம் பதில் இல்லை.

"அதான். மொதல்ல பாருப்பா."

அந்த "எத?"வில்தான் இந்தக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று பல வருடம் கழித்தும் நினைக்கிறேன். ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் இரட்டை அடையாளம் என்று திரை சொல்லும்போது அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டும் நேரெதிர்.

ஒன்று, வழிகள் பெருகியதால் வரும் இரட்டை. சர்வரில் இரண்டு ஃபைபர் சேனல் கார்டுகள்; ஒவ்வொன்றும் ஸ்டோரேஜின் இரண்டு போர்ட்டுகளைப் பார்க்கிறது. அப்போது ஒரே ஒரு லன், அதாவது ஸ்டோரேஜ் தரும் ஒரு வட்டு, நான்கு வழியாக வந்து நான்கு டிவைஸ்களாகத் தோன்றும். எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ எல்லாமே ஒரே வட்டுதான். மல்டிபாத் சரியாக ஓடினால் நான்கையும் ஒரே பெயரில் கட்டிவிடும். அது ஓடாதபோதோ, எல்விஎம்மின் ஃபில்டர் பிசகியபோதோ புலம்பல் ஆரம்பிக்கும். மற்றது, நகலால் வரும் இரட்டை. ஸ்னாப்ஷாட்டும் க்ளோனும் பிட் விடாமல் எடுத்த பிரதிகள். வட்டின் மேல் எழுதியிருந்த யூயூஐடியும் அதில் அப்படியே வந்துவிடும். இங்கே இருப்பது உண்மையிலேயே இரண்டு வட்டு. முன்னதைச் சேர்க்க வேண்டும், பின்னதைப் பிரிக்க வேண்டும். திரையில் வரும் எச்சரிக்கையோ இரண்டுக்கும் ஒன்றேதான்.

இதைப் பிரித்தறிய அவர் இரண்டு சாட்சிகளை விசாரிப்பார். முதல் சாட்சி, வட்டின் மேல் எழுதப்பட்ட யூயூஐடி. இது நகலோடு கூடவே போகும் என்பதால் தனியாக நம்ப முடியாது. இரண்டாவது சாட்சி, ஸ்டோரேஜ் பெட்டியே வாய்திறந்து சொல்லும் அடையாளம். ஸ்கசி இன்குயரியில் 83ஆம் பக்கம் என்று ஒன்று உண்டு. "நீ யார்?" என்று கேட்டால் லன் அந்தப் பக்கத்தை நீட்டும். அது வட்டின் உள்ளடக்கத்தில் எழுதியிருப்பதில்லை. ஆகவே நகலெடுத்தாலும் நகலாகாது. இரண்டு டிவைஸ்களுக்கும் 83ஆம் பக்கம் ஒன்றேயானால் பொருள் ஒன்று, வழிதான் பல. யூயூஐடி ஒத்துப்போய் 83ஆம் பக்கம் வேறுபட்டால், ஒன்று அசல், ஒன்று பிரதி. இதைவிடச் சுருக்கமான துப்பறிதலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த எண்களைப் படிப்பதே தனி சுகம். ஃபைபர் சேனல் போர்ட்டின் வேர்ல்டு வைடு நேம் 64 பிட் நீளம், பதினாறு இலக்கம். பழகாத கண்ணுக்கு வெறும் எண் கூட்டம். பழகியவர் 50:06:01:60 என்ற தொடக்கத்தைப் பார்த்ததும் "இஎம்சி கிளாரியான் பரம்பரை" என்பார். முதல் 5 என்பது பெயரின் வகை. அடுத்த ஆறு இலக்கம், 006016, ஐஇஇஇ அந்த நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல் மாதிரி. அதே பெட்டி தரும் லன்னின் அடையாளத்தை மல்டிபாத் காட்டும்போது 36006016 என்று தொடங்கும். 3 லினக்ஸ் சேர்த்தது, 6 என்பது 128 பிட் வகை, பிறகு மறுபடியும் அதே 006016. போர்ட்டிலும் லன்னிலும் ஒரே குடும்பப் பெயர் ஓடுவதைக் கண்டுகொள்ளும் கணத்தில், அதுவரை இரைச்சலாக இருந்த திரை பேச்சாக மாறிவிடுகிறது.

பிரதி எது என்று தெரிந்த பின் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரன்தான் பேரன் ஆனான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை என்ற வழக்கத்தால் அந்தப் பிள்ளைக்குக் கூப்பிட இன்னொரு பெயர் வந்துவிடும். பத்திரத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. கோப்பு முறைகளை வடித்தவர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸின் புதிய வடிவத்தில் மெட்டாடேட்டா பிளாக்குகளிலெல்லாம் யூயூஐடி பதிந்திருக்கும். அத்தனையையும் திருத்தி எழுதினால் பெரிய வேலை, ஆபத்தும் கூட. ஆகவே வெளியே தெரியும் யூயூஐடியை மட்டும் புதிதாக்கிவிட்டு, பழையதை சூப்பர்பிளாக்கில் தனி இடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, தன் வால்யூமின் தலைப்பில் எழுதியிருக்கும் லன் அடையாளத்தையும் எதிரில் நிற்கும் லன்னையும் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் தானாக மவுன்ட் செய்யாது. புதுக் கையெழுத்து இடச் சொன்னால் "ஸ்னாப்" என்று தொடங்கி, நடுவில் ஒரு எண் கோத்து, கடைசியில் பழைய பெயரையே வைக்கும். பேரனின் பெயரில் தாத்தா தெரிகிறார்.

எல்விஎம் இதில் கொஞ்சம் தாமதமாகத்தான் பக்குவப்பட்டது. பழைய பதிப்புகள் இரட்டையைக் கண்டால் "இதை எடுத்தேன், அதை விட்டேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். எது எடுபடும் என்பது, எது கடைசியாகக் கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்தது. நேற்று அசலில் எழுதிய சர்வர் ரீபூட்டுக்குப் பிறகு பிரதியில் எழுதக்கூடும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசையும். புதிய பதிப்புகள் இரட்டை தீரும்வரை அந்த வால்யூம் குரூப்பில் எந்த மாற்றமும் செய்ய மறுக்கின்றன. ஒரு கருவி "மாட்டேன்" என்று சொல்லக் கற்றுக்கொள்வதை நான் பெரிய அழகாகப் பார்க்கிறேன்.

வட்டுகளை விட்டுவிட்டு சர்வர் போர்ட்டுகளின் பெயரே இரட்டையாகும்போது ஆபத்தின் ருசி வேறு. பிளேடு சர்வர்களில் கார்டோடு பிறந்த பெயரை ஒதுக்கிவிட்டு, ஒரு தொகுப்பிலிருந்து பெயர் கொடுப்பார்கள். இரண்டு சேசிஸ்களை இரண்டு பேர் அமைத்து, இருவரும் ஒரே தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். யார் எந்த வட்டைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் சோனிங்கும் லன் மாஸ்கிங்கும் போர்ட்டின் பெயரை நம்பியே நடப்பதால், புதிதாக வந்தவன் பழையவனின் வட்டுகளையே திறந்துவிடலாம். புரோகேட் சுவிட்சில் இதற்கு ஒரு அமைப்பு உண்டு: முதலில் வந்தவனுக்கே இடம், அல்லது பின்னால் வந்தவனுக்கு, அல்லது இரண்டும் கலந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் புதிய வரவு கெடுக்கக்கூடாது என்பதால் என் ஓட்டு முதலாவதற்கு. பெயர் இரட்டையாகாமலே தடுக்கும் நயத்தை ஐபிஎம் பவர் சர்வர்களில் பார்க்கலாம். அங்கே மெய்நிகர் ஃபைபர் சேனல் அடாப்டர் ஒவ்வொன்றுக்கும் பிறக்கும்போதே இரண்டு பெயர். ஓடும் நிலையிலேயே வேறு இயந்திரத்துக்கு இடம்பெயரும்போது, பழைய இடத்தில் ஒரு பெயர் இருக்க, புதிய இடத்தில் மற்றது லாகின் ஆகும். ஒரே பெயர் ஒரு கணம்கூட இரண்டு இடத்தில் நிற்பதில்லை.

அன்றிரவு அவர் 83ஆம் பக்கங்களை வரவழைத்தார். கடைசி நான்கு இலக்கம் வேறுபட்டது. அந்த இலக்கங்களை நோட்டில் எழுதி, ஸ்டோரேஜ் கன்சோலில் ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்து, இலக்கத்தின் மேல் விரல் வைத்து ஒப்பிட்டார். என்னையும் ஒருமுறை உரக்கப் படிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் விஜி-இம்போர்ட்-க்ளோன் கமாண்டை பிரதியின் பெயர் கொடுத்து ஓட்டினார். புது யூயூஐடி, புது வால்யூம் குரூப் பெயர். எச்சரிக்கை நின்றது. நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை.

"ரீபூட் பண்ணிப் பார்க்கலாம், இன்னும் நேரம் இருக்கு."

சர்வர் திரும்பி வந்தபோது டிவைஸ்களின் வரிசை கலைந்திருந்தது. முன்பு எஸ்டிஎஃப் ஆக இருந்தது இப்போது எஸ்டிபி. அவர் அந்தப் பெயர்களைப் பார்க்கவே இல்லை. நோட்டில் எழுதிய நான்கு இலக்கங்களையும் அவற்றின் எதிரில் நின்ற வால்யூம் குரூப் பெயரையும் மட்டும் பார்த்தார். அசல் அசலாகவே இருந்தது. நோட்டை மூடி என்னிடம் தந்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.