ரேடியோ இல்லாத ஊர்

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டோடு என்ன சம்பந்தம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சினிமாவைப் பற்றி எழுதினால் அவர்கள் கேட்பதில்லை. கிரிக்கெட்டைப் பற்றி எழுதினாலும் கேட்பதில்லை. ஆகவே பதில் சொல்லாமலே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2003-ஆம் வருஷம். கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு, எழுதுவதா, வேலைக்குப் போவதா என்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. மணிக் கணக்கில் காசு. அங்கேதான் 'வைஸ் சிட்டி'யை முதலில் பார்த்தேன். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்ற வரிசையில் 2002-இல் வெளியான விளையாட்டு. மயாமி நகரத்தைப் பார்த்துச் செய்த ஒரு கற்பனை ஊர், காலம் 1986. பதினைந்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த டாமி வெர்செட்டி என்பவன் கதாநாயகன். நல்லவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அவனுக்கென்று கதையும் காரியங்களும் உண்டு. ஆனால் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கிடைத்த காரில் ஏறிக்கொண்டு கடற்கரைச் சாலையில் சும்மா சுற்றலாம். ஊரையே திறந்து நம் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த ஜாதி விளையாட்டுக்களின் கவர்ச்சியே அதுதான்.

நாலு நாள் சுற்றினேன். ஐந்தாம் நாள் அலுத்துவிட்டது. ஆளை இடிப்பது, சுடுவது, போலீஸ் துரத்த ஓடுவது, மறுபடி இடிப்பது. பெரிய பொம்மைக் கடைக்குள் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. இதற்கா உலகம் இப்படி ஆலாய்ப் பறக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்துப் பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டில் அதே விளையாட்டை மறுபடி பார்க்க நேர்ந்தது. டாமி காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தான். ரேடியோ பாடிற்று.

நான் திகைத்துப் போனேன். "இதில் ரேடியோ உண்டா?" என்று கேட்டேன். நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. எங்கள் தெருவில் ஓடியது திருட்டுப் பிரதி. அளவைச் சுருக்குவதற்காகப் பாட்டையும் பேச்சையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள். இஞ்சின் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த நாளில் நம் பக்கத்து வாலிபர்கள் ஏராளமான பேர் அந்த ஊமை ஊரில்தான் சுற்றியிருக்கிறார்கள். இது என் அதிர்ஷ்டம் என்றே இப்போது தோன்றுகிறது. ஒரே புஸ்தகத்தைப் பாதிப் பக்கம் கிழிந்த நிலையிலும் முழுசாகவும் படித்துப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை விமர்சகனுக்குக் கிடைக்கும்?

அன்று ராத்திரி அரை மணி நேரம் நான் ஒருவனையும் இடிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றேன். நண்பருக்கு ஆச்சரியம். பாட்டு முடியட்டும் என்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அலை அடிக்கிறது, விளக்குகள் ஈரத் தெருவில் மினுக்குகின்றன, யாரோ ஒரு அறிவிப்பாளன் என்னவோ பிதற்றுகிறான். அதே தெருக்கள், அதே கார்கள், அதே பொம்மை மனிதர்கள். ஆனால் இப்போது அது ஊராக இருந்தது.

ஏன் அப்படி?

இந்த விளையாட்டுக்களில் ஒரு ரகசியம் உண்டு. தெருவில் நடமாடும் ஜனங்கள் நிஜமாக அங்கே இல்லை. நீங்கள் திரும்பும் பக்கத்தில் அவர்கள் முளைக்கிறார்கள். முதுகைக் காட்டினதும் மறைந்துபோகிறார்கள். இத்தனை பெரிய ஊரும் ஆட்டக்காரன் ஒருவனுக்காகக் கைகட்டிக் காத்திருக்கிறது. அதனால்தான் சீக்கிரம் அலுக்கிறது. நமக்காகவே இருக்கும் எதன்மேலும் நமக்கு வெகு நேரம் மரியாதை இருப்பதில்லை.

ரேடியோ ஒன்றுதான் உங்களுக்காகக் காத்திராது. வைஸ் சிட்டியில் மொத்தம் 9 நிலையங்கள்: பாட்டுக்கு 7, பேச்சுக்கு 2. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட ஒலிச்சுருள். ஒன்றைத் திருப்பி இன்னொன்றைக் கேட்டுவிட்டு மறுபடி பழைய நிலையத்துக்கு வந்தால் பாட்டு முன்னே போயிருக்கும். காரைவிட்டு இறங்கி ஒருவனைக் கொன்றுவிட்டு வேறொரு காரில் ஏறுங்கள். அங்கே விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் செய்த கொலையைப் பற்றி அறிவிப்பாளனுக்கு அக்கறை இல்லை. அவன் கவலை அவனுக்கு. எங்கள் அப்பா இலங்கை வானொலி காலத்துக் கதை ஒன்று சொல்வார்: கடைக்குப் போகும்போது முதல் வீட்டில் பல்லவி கேட்டால் கடைசி வீட்டு வாசலில் சரணம் முடியுமாம். அந்தத் தெருவில் நடந்தவனுக்கு, தான் இல்லாவிட்டாலும் இந்த ஊர் பாடிக்கொண்டுதான் இருக்கும் என்று காது சொல்லிக்கொண்டே இருந்திருக்கும்.

நாவல் எழுதுகிறவர்களின் தலைவலியும் இதுதான். இந்த அத்தியாயத்துக்கு வெளியேயும் ஊர் இருக்கிறது என்று வாசகனை எப்படி நம்ப வைப்பது? பக்கம் பக்கமாக வர்ணித்தால் நம்பமாட்டான். காதலர் பேசிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி தயிர்க்காரியோடு பாக்கிக்குச் சண்டை போட்டால் உடனே நம்பிவிடுவான். கதைக்குச் சம்பந்தமில்லாத குரலுக்கு அப்படி ஒரு சக்தி.

இன்னொரு நுட்பமும் உண்டு. கார் மாறினால் நிலையமும் மாறும். ஒரு வண்டியில் ஸ்பானியப் பாட்டு, ஒன்றில் காதல் உருக்கம், ஒன்றில் காது கிழியும் ராக். போலீஸ் வண்டியைத் திருடினாலோ பாட்டே கிடையாது, போலீஸாரின் சங்கேதப் பேச்சுத்தான். வண்டிக்குரியவன் முகத்தை நாம் ஒரு விநாடிகூடச் சரியாகப் பார்த்திருக்கமாட்டோம். கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டுத்தானே ஏறினோம்? ஆனால் ஆசனத்தில் உட்கார்ந்ததும் அவன் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு காதில் விழுகிறது. ஒரு மனிதனிடமிருந்து எதைப் பிடுங்கினோம் என்று அப்போதுதான் தெரிகிறது. பாத்திர வர்ணனையில் இவ்வளவு சிக்கனம் எனக்குக் கைவந்ததில்லை.

எல்லாம் பிரமாதம் என்று சொல்லவரவில்லை. பேச்சு நிலையங்களின் ஹாஸ்யத்தில் பாதி மலிவானது. அமெரிக்க விளம்பரங்களையும் அரட்டை நிகழ்ச்சிகளையும் கேலி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆபாசத்தில் இறங்கிவிடுகிறார்கள். முதல் தடவை சிரிப்பு வரும். ஐந்தாம் தடவை எரிச்சல் வரும். 2004-இல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' இந்த அலுப்பைக் கொஞ்சம் தீர்த்தது. பாட்டு, பேச்சு, விளம்பரம் எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக வைத்துக்கொண்டு கலைத்துக் கலைத்துப் போட்டார்கள். கதை நகர நகரச் செய்திகளும் மாறும். அப்படியும் கேட்டதையே கேட்க வேண்டியிருக்கிறது. நம் பண்பலை நிலையங்களும் அதைத்தானே செய்கின்றன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்டக்காரனைக் கண்டுகொள்ளாத ரேடியோவைப் பற்றி இதுவரை சொன்னேன். அவனையே பேசும் ரேடியோ ஒன்று உண்டு. என்னைச் சரியாக மாட்டிவைத்தது அதுதான்.

2008-இல் வெளியான 'ஃபால்அவுட் 3'. அணுகுண்டு யுத்தம் முடிந்து இருநூறு வருஷம் கழித்து, 2277-இல், இடிந்து கிடக்கும் வாஷிங்டன் நகரம். பிள்ளை ஒருவன் பாதாள அறையிலிருந்து தகப்பனைத் தேடி வெளியே வருகிறான். அவன் மணிக்கட்டில் ஒரு கருவி. அதில் ரேடியோ கேட்கும். இடிபாட்டுக்கு நடுவே 1940-களின் பாட்டுக்கள். இங்க் ஸ்பாட்ஸ் குழுவினர் 1941-இல் பாடிய காதல் பாட்டு ஒன்று வருகிறது. உலகத்துக்குத் தீ வைப்பதைப் பற்றித் தலைப்பிலேயே பேசும் பாட்டு. எரிந்து முடிந்த உலகத்தில் அதைக் கேட்டுக்கொண்டு நடப்பது விசித்திரமான அனுபவம்.

அந்த நிலையத்தை நடத்துகிறவன் த்ரீ டாக். வாயாடி. ஆரம்பத்தில் அவன் குரல் தூரத்துக்கு எட்டாது. அருங்காட்சியகத்திலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் நாம்தான் பொருத்திக் கொடுக்க வேண்டும். நான் உயிரைப் பணயம் வைத்துப் பொருத்திக் கொடுத்தேன். அவனும் என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசினான். கேட்கச் சுகமாக இருந்தது. எழுத்தாளன் புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் என்பதை நான் மறைக்கவில்லை.

மெகாடன் என்று ஒரு சிற்றூர். வெடிக்காத அணுகுண்டு ஒன்றைச் சுற்றித் தகரத்தால் கட்டிய ஊர். கோட்டு சூட்டு அணிந்த ஒருவர் அங்கே என்னை அணுகி, இந்தக் குண்டை வெடிக்க வைத்தால் பணம் தருகிறேன் என்றார். விளையாட்டுத்தானே, என்ன ஆகிறது பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டேன். தூரத்துக் கோபுரத்தின் மாடத்தில் நின்று பொத்தானை அழுத்தினேன். அடிவானத்தில் பெரிய காளான் எழுந்தது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. பாவக் கணக்கில் ஏதோ குறைந்ததாகத் திரையில் ஒரு வரி வந்தது. அதை நான் லட்சியம் செய்யவில்லை.

பிறகு வெட்டவெளியில் நடந்துகொண்டிருந்தேன். பாட்டு நின்றது. த்ரீ டாக் பேசினான். மெகாடன் இப்போது இல்லை என்று சொன்னான். வழக்கமான கும்மாளம் அவன் குரலில் இல்லை. நான் ஏற்றி வைத்த தட்டின் வழியாக, நான் செய்த காரியத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் நிலையத்தை மாற்றிவிட்டேன்.

மாற்றின இடத்தில் 'என்கிளேவ்' வானொலி இருந்தது. அரசாங்கம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தின் நிலையம். பாண்டு வாத்தியம் முழங்கும். இடையிடையே ஜனாதிபதி ஈடன் பேசுவார். மால்கம் மெக்டவல் என்ற நடிகரின் குரல். தம் பால்யத்தைப் பற்றி, வளர்த்த நாயைப் பற்றி, நாட்டின் பொற்காலத்தைப் பற்றித் தகப்பனார் மாதிரி இதமாகப் பேசுவார். மெகாடனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு மணி நேரம் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. குற்றம் செய்தவன் எந்தச் செய்தியைக் கேட்பான், எதை அணைப்பான் என்பதை என் மணிக்கட்டில் என் விரலே செய்து காட்டியிருக்கிறது! அந்த ஜனாதிபதி மனிதரே அல்ல, ஒரு கம்ப்யூட்டர் என்பது கதையின் பிற்பகுதியில் தெரியவரும். அவருக்குப் பால்யமும் இல்லை, நாயும் இல்லை. முகம் தெரிந்திருந்தால் இந்த மோசடி ஒரு நாள் தாங்குமா? குரல் என்பதால் தாங்குகிறது.

அதே பாழ்நிலத்தில் அகதா என்று ஒரு கிழவி இருக்கிறாள். பழைய வயலின் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தால், தான் வாசிப்பதை ஒலிபரப்புகிறாள். நமக்குக் கிடைக்கும் வெகுமதி அந்த அலைவரிசைதான். வேறு விளையாட்டில் இவ்வளவு தூரம் அலைந்தால் ஒரு பீரங்கியாவது தருவார்கள். எனக்கு வயலின் போதுமானதாக இருந்தது.

2015-இல் வந்த 'ஃபால்அவுட் 4'-இல் டிராவிஸ் என்ற அறிவிப்பாளன் வருகிறான். பாஸ்டனில் பழைய பேஸ்பால் மைதானத்துக்குள் அமைந்த ஊர் அவனுடையது. கூச்ச சுபாவம். தொண்டையைக் கனைப்பான், தடுமாறுவான், சொன்னதைத் திருத்துவான். மதுக்கடைக்காரன் ஒருவன் திட்டம் போட்டு, ஒரு போலிச் சண்டை மூட்டி, அவனுக்குத் தைரியம் வரவழைக்கப் பார்க்கிறான். நாமும் உடந்தை. காரியம் பலித்ததும் டிராவிஸ் கணீரென்று பேச ஆரம்பித்துவிடுகிறான், ஆயிரம் அறிவிப்பாளர்களில் ஒருவனாக. எனக்குப் பழைய டிராவிஸ்தான் வேண்டும். ஆனால் விளையாட்டில் அவனைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஒருவனுக்கு நல்லது செய்துவிட்டு அவனை இழப்பது நாவலுக்குரிய விஷயம். அதை அறிவிப்பாளனின் குரல் ஒன்றை வைத்தே நடத்திவிட்டார்கள்.

இனி ஒரு வருத்தம். பாட்டுக்களைச் சொந்தமாக வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம்தான் பெறுகிறார்கள். காலம் முடிந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். 2008-இல் வெளியான 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4'-இல் நீக்கோ பெல்லிக் என்ற கிழக்கு ஐரோப்பிய அகதி கப்பலில் வந்து இறங்குகிறான். விளாடிவோஸ்டாக் என்ற ரஷ்ய நிலையம் அவன் விட்டு வந்த உலகத்தின் கடைசி நூல். பத்து வருஷம் கழித்து, 2018 ஏப்ரலில், அந்த நிலையத்தின் பாட்டுக்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு வேறு ரஷ்யப் பாட்டுக்களைச் சேர்த்தார்கள். வைஸ் சிட்டியின் பிற்காலப் பிரதிகளில் மைக்கேல் ஜாக்சன் இல்லை. 1986-ஆம் வருஷத்து அமெரிக்க ஊரில் மைக்கேல் ஜாக்சன் இல்லையென்றால் அது எந்த 1986?

எங்கள் பிரௌசிங் சென்டரில் கத்தரி போட்டது திருடன். இங்கே கத்தரி போடுவது சட்டம். ஒரு நாவலாசிரியர் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைக் கதையில் குறிப்பிட்டிருக்கிறார் என்பதற்காகப் பத்து வருஷம் கழித்து உங்கள் அலமாரியில் இருக்கும் பிரதியிலிருந்து அந்தப் பக்கத்தை யாராவது உருவிக்கொண்டு போவார்களா?

என் அக்காள் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதனால் என்ன மாமா, நம்ம பாட்டையே போட்டுக்கலாமே" என்றான். வாஸ்தவம். வைஸ் சிட்டியின் கம்ப்யூட்டர் பதிப்பில் நம் பாட்டுக்களையும் ஒரு நிலையமாகச் சேர்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. அவன் இளையராஜாவைச் சேர்த்து வைத்திருந்தான். கடற்கரைச் சாலையில் மாலை வெயிலில் வண்டி போயிற்று. நன்றாகத்தான் இருந்தது, மறுக்கமாட்டேன். கொஞ்ச நேரத்தில் டாமியையும் மயாமியையும் மறந்துவிட்டு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த பாட்டு, நான் சேர்த்த வரிசை, நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை. மறுபடி எல்லாம் எனக்காகவே ஆகிவிட்டது.

"பழைய ரேடியோவைப் போடு" என்றேன்.

"இதில் எல்லாப் பாட்டும் இருக்காது மாமா."

முதலில் வெளியான பதிப்பின் சி.டி. ஒன்றைப் பழைய கடையில் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருக்கிறேன். அலமாரியில்தான் இருக்கிறது. போன வருஷம் வாங்கிய கம்ப்யூட்டரில் சி.டி. போடும் இடம் இல்லை.