ஏலத்தோட்ட ஜீப்பில் ஒரு வயலின்

தேவாரத்திலிருந்து கோம்பை போகிற வழியில் இருக்கிறது பண்ணைப்புரம், 1943இல் இளையராஜா பிறந்த ஊர். நாட்டுப்புற மெட்டை வில்லிட்டு வாசிக்கும் மேற்கத்தியக் கருவிகளில் கேட்கும்போது கேட்பவருக்கு என்ன ஆகிறது? இதை ஆராய இந்தக் கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இசையமைத்தவரைப் பற்றி வந்திருக்கும் எழுத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்டவர்களைப் பற்றி வரவில்லை.

பிரேம்–ரமேஷ் 1998இல் எழுதிய 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்' முதலில் படிக்க வேண்டிய நூல். சினிமாப் பாட்டைத் தத்துவ விசாரணைக்கு உரியதாக மதித்த துணிச்சல் அதற்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பால் கிரீன் 2001இல் சினிமாவின் 'கிராமிய இசை' எப்படி ஆக்கப்படுகிறது என்று எழுதினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய 1999ஆம் ஆண்டுக் கட்டுரை. தமிழ்க் கிராமத்தில் ஒலிபெருக்கியில் கேசட் போடுவதே ஒரு வழிபாடாக இருந்ததை அது காட்டுகிறது. கேட்கும் மனிதர்கள் அதில்தான் இருக்கிறார்கள்.

1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு. வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். பாலு மகேந்திராவின் 'வீடு' அந்த இசையைப் பயன்படுத்தியதால், பாட்டே இல்லாத இசை சினிமா பார்க்கப் போனவர்களின் காதிலும் விழுந்தது. நரசிம்மன் 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கினார். முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு வாசிக்க, மற்ற மூன்றும் அடியில் இசைவுச் சுரங்களைப் பரப்பும். ராகம் கலைந்துவிடுமோ என்ற கவலையோடு கேட்பது சபாக் காது. பள்ளத்தாக்கின் காதுக்கு அந்தக் கவலை கிடையாது.

டேனிஷ் ஸ்ட்ரிங் குவார்டெட் இதே வேலையை நார்டிக் நாட்டுப்புற மெட்டுகளில் செய்தது. 2014இல் 'வுட் வொர்க்ஸ்', 2017இல் 'லாஸ்ட் லீஃப்'. முதல் தொகுப்பில் ஃபேனோ தீவின் சோண்டர்ஹோ ஊர்க் கல்யாண மெட்டுகள் வருகின்றன. அங்கே வயலின் கல்யாண வீட்டுக் கருவியேதான். கச்சேரி மேடையில் அதைக் கேட்கும் டென்மார்க்காரர் தன் ஊர்ப் பொருளைத் திரும்பப் பெறுகிறார். நம் கல்யாணத்தில் ஒலித்தது நாதஸ்வரமும் தவிலும். கோயில் கொடையில் உறுமி. நால்வராக அமர்ந்து வாசிக்கும் கச்சேரி இந்த ஊர்களுக்குப் பழக்கமே இல்லை. வெளியிலிருந்து வந்த வில்லை இந்த மக்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். அந்த உரிமை எப்படி வந்தது என்பதைத்தான் எழுத வேண்டும்.

விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஒருமுறை நானும் போனேன். ராஜா பாட்டு ஓடியது. பல்லவியை எல்லோரும் முணுமுணுத்தார்கள். எதிரே மடியில் தூக்குச்சட்டியோடு இருந்த அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பல்லவி முடிந்து வயலின்கள் எழுந்ததும் 'தன்னனா' என்று அந்த இடையிசையை நெளிவு பிசகாமல் பாடினார். சட்டி மூடியில் இரண்டு விரல் தாளம். சரணத்தில் வார்த்தை வந்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த மியூசிக் வந்தால்தான் தனக்கு மனசு இளகும் என்றார். பிடில் என்றுதான் அதைச் சொன்னார். வண்டி போடிமெட்டு வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த இடையிசைக்காக அவர் விரல்கள் மூடியின்மேல் காத்திருந்தன.